நெரிஸ்

நியூபோர்ட் காவல் நிலையத்தின் மூன்றாம் அறை.
ஜன்னலுக்கு வெளியே அஸ்க் நதியில் தண்ணீர் இல்லை.
கடல் வாங்கிய நேரம்.
இரு கரையிலும் சேறு
எருமை முதுகுபோல் மினுங்கிக் கிடந்தது.

நான் மொழிபெயர்ப்பாளன்.
மணிக்கு இருபத்தாறு பவுண்ட், பயணப்படி தனி.
எனக்கு ஒரு விதி உண்டு:
அவள் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றே சொல்லவேண்டும்.
அதனால் அன்று காலை பத்து இருபதுக்கு,
ஐம்பத்தொரு வயதில், மீசையோடு,
என் புருஷன் என்னை அடித்தார் என்று
மேசைமேல் இருந்த பதிவுக் கருவியிடம் சொன்னேன்.

"அடிச்சவர்" என்றுதான் யோகமலர் சொன்னாள்.
கையால் விழுவது அடி.
காலுக்குக் கீழே இருப்பது அடி.
இதோ இந்த வரியும் ஓர் அடி.
ஆங்கிலத்தில் இப்படிக் கலந்து கிடக்காது.
ஒருதரம் என்றால் ஹிட்.
எண்ண மறந்துபோனால் பீட்.
எத்தனை தரம் என்று கேட்பது என் வேலை இல்லை.
ஹிட் என்றேன்.
கொஞ்சம் பொறுத்து, மன்னிக்கவும், பீட் என்றேன்.

அதிகாரி இஞ்சுரி உண்டா என்று கேட்டார்.
நான் காயம் என்றேன்.
காயம் என்றால் யோகமலருக்கு ரத்தம்.
சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னாள்:
"காயம் ஒண்டும் இல்லை. நோதான்."
நோ.
அதிகாரியின் பேனா அதை அப்படியே பிடித்துக்கொண்டது,
இல்லை என்று எழுதியது.
நான் கையை உயர்த்தினேன்:
திருத்தம். அது எங்கள் நோ. வலி.

இவர்களுடைய சட்டத்தில்
வூண்ட் ஆவதற்குத் தோல் பிளக்கவேண்டும்,
மேல்தோல் மட்டும் போதாது.
ஹர்ட் மனத்துக்கும் ஆகும், பல்லுக்கும் ஆகும்.
ஹார்ம் தனியே வராது,
முன்னால் ஆக்சுவல் என்று ஒன்று நடந்து வரும்.
அதைத் தமிழாக்கப் போனால்
மெய்யான மெய்த்தீங்கு.
எங்களுக்கு உடம்பும் மெய், உண்மையும் மெய்.
அவள் இரண்டையும் கொண்டுவந்து
பிளாஸ்டிக் கதிரையில் இருத்தியிருந்தாள்.

"என்ர போனை டேமேஜ் ஆக்கிப்போட்டார்."
அது ஒன்றுக்குத்தான் நான் தேவைப்படவில்லை.
டேமேஜ். பொருளுக்கு மட்டும் உரிய சொல்.
போனின் நிறம், மாடல், விலை,
எல்லாம் விறுவிறுவென்று ஏறின.

பிறகு அவள் குரல் தாழ்ந்தது.
"கழுத்தை நெரிச்சவர்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.
அவர் கழுத்து அட்டையில் இருந்த பெயர்
நெரிஸ் பெவன்.
"என்னையா கூப்பிட்டாள்?" என்றார்,
கொஞ்சம் சிரித்துக்கூட.

இல்லை, அது வினைச்சொல் என்றேன்.
சோக் என்பதா, ஸ்ட்ராங்கிள் என்பதா?
சோக், மீன் முள்ளும் செய்யும்.
அதற்குக் கைகள் வேண்டியதில்லை.
ஸ்ட்ராங்கிள் என்றேன்.
ஹி ஸ்ட்ராங்கிள்ட் மீ என்றேன், விதிப்படி.
என் தொண்டைதான் அதைச் சொன்னது.
தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.
நெரிஸ் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல்
அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"ஒருதரமா?"
யோகமலர் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினாள்.
"குடிச்சா நெரிப்பார்."

நெரிப்பார்.
வழக்கமாகச் செய்ததற்கும் அதே சொல்.
இனிமேல் செய்யப்போவதற்கும் அதே சொல்.
ஆங்கிலம் கையை நீட்டிக்கொண்டு நின்றது,
ஏதாவது ஒன்றைக் கொடு என்று.
விளக்கம் கேட்க அனுமதி கேட்டேன், கிடைத்தது.
"முந்தி அப்பிடிச் செய்தவரோ, தங்கச்சி,
இல்லை, இனித்தான் செய்வாரோ?"

யோகமலர் என்னைப் பார்த்தாள்,
தமிழ் தெரியாத ஒருவனைப் பார்ப்பதுபோல.